முத்திரையிட்டு வைக்கச் சொன்ன இசை: இத்தாலிய ரெக்வியம்கள் அரிதாகிப்போன கதை

1868 நவம்பர் 13ஆம் தேதி ஓபரா எனும் இசை நாடகங்களால் புகழ்பெற்ற இத்தாலிய இசையமைப்பாளர் ஜொவாக்கினோ ரொசீனி பாரிஸை அடுத்த பாசியில் காலமானார். நான்கு நாட்கள் கழித்து மற்றோர் ஓபரா இசையமைப்பாளரான ஜுசெப்பே வெர்தி தம் பதிப்பாளரான ரிக்கோர்திக்கு ஒரு கடிதம் எழுதினார். இத்தாலியின் முன்னணி இசையமைப்பாளர்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதி ‘ரெக்வியம்’ எனப்படும் ஓர் இறந்தோர் திருப்பலி இசையை உருவாக்க வேண்டும், அது முதலாம் ஆண்டு நினைவு நாளில் பொலோஞா நகரின் சான் பெத்ரோனியோ பேராலயத்தில் பாடப்பட வேண்டும், அயல்நாட்டார் எவரும் அதில் கை வைக்கக் கூடாது, யாருக்கும் ஊதியம் கிடையாது என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். கடைசி நிபந்தனைதான் விசித்திரமானது. ஒரு முறை பாடி முடித்ததும் அந்த இசைக்குறிப்பை முத்திரையிட்டு, அந்நகர இசைப்பள்ளியின் ஆவணக் காப்பகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பிற்காலத்தவர் ரொசீனியின் நினைவு நாளைக் கொண்டாட விரும்பினால் மட்டும் வெளியே எடுக்கலாம்.

இத்தாலிய ரெக்வியம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது வெர்தி 1874இல் எழுதிய ஒன்றுதான். மற்றவை ஏதேனும் ஒரு பாடகர் குழு முனைப்பெடுத்துத் தேடி எடுத்தால்தான் காதில் விழும். அவை தரத்தில் தாழ்ந்தவை, அதனால் காலம் அவற்றை ஒதுக்கிவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் வெர்தியின் கடிதத்தைக் கவனித்துப் படித்தால் காரணம் வேறு என்பது தெரியும். ஒருவருக்காக, ஓர் இடத்தில், ஒரு நாளில் பாடுவதற்கு எழுதப்பட்ட இசை இது. அந்த நாள் கடந்த பிறகு அதைத் திரும்பப் பாட வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. ஓபரா ஓடினால் கொட்டகைக்காரருக்கு வருமானம். ரெக்வியத்துக்கோ இன்னொரு சாவு வேண்டும், அந்தச் சாவுக்குப் புதிதாக எழுதித்தர உள்ளூரிலேயே ஓர் இசையமைப்பாளரும் இருப்பார்.

ரெக்வியம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலியின் இசை வடிவம். அதன் தொடக்க வரியின் முதல் சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அடக்கச் சடங்கிலும் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளிலும் ‘நித்திய இளைப்பாற்றி’யையும் ‘முடிவில்லாத ஒளி’யையும் வேண்டிச் சொல்லும் மன்றாட்டு, இந்த லத்தீன் வரியின் தமிழ் வடிவம்தான். அதைத் தொடர்ந்து இரக்க வேண்டல், இறுதித் தீர்ப்பு நாளைச் சொல்லும் ‘தியெஸ் இரே’ என்ற நெடும்பாடல், காணிக்கைப் பாடல், ‘தூயவர்’, ‘உலகின் பாவம் போக்கும் செம்மறி’ ஆகியவை வரும். முடிவில் சவப்பெட்டியருகே சொல்லப்படும் ‘லிபெரா மே’, அதாவது ‘என்னை விடுவியும்’ என்ற மன்றாட்டும் சில சமயம் சேரும். இவை அனைத்துக்கும் இசையமைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எதை எடுத்தார், எதை விட்டார் என்பதிலேயே ஓர் இசையமைப்பாளரின் மனப்போக்கு வெளிப்பட்டுவிடும்.

ரொசீனிக்கான திருப்பலிக்கு வருவோம். மிலானில் ஒரு குழு அமைக்கப்பட்டு, பதின்மூன்று பேருக்குப் பகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. தொடக்கப் பகுதி அந்தோனியோ புட்சோல்லாவுக்கு, ‘தியெஸ் இரே’யின் முதல் பகுதி வயலின் கலைஞராகவும் பெயர் பெற்றிருந்த அந்தோனியோ பட்சீனிக்கு, கண்ணீர் நாளைப் பற்றிய ‘லக்ரிமோசா’ எண்பத்தேழு வயதான கார்லோ கோச்சாவுக்கு, இறுதி ‘லிபெரா மே’ வெர்திக்கு. இன்னொரு மூத்தவரான சவேரியோ மெர்கதாந்தே கண்பார்வை இழந்திருந்ததால் ஒதுங்கிக்கொண்டார். எல்லாரும் குறித்த காலத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது நிர்வாகச் சண்டை. பொலோஞாவின் ஓபரா அரங்கை நடத்தியவர், பருவம் நடந்துகொண்டிருந்த வேளையில் தம் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் அனுப்ப மறுத்தார். நகராட்சி முனைந்து நிற்கவில்லை. வெர்தியோ இசைக்குழு நடத்துநர் அஞ்ஜெலோ மரியானி போதிய அக்கறை காட்டவில்லை என்று கோபித்துக்கொண்டார், பல ஆண்டு நட்பும் அதோடு கசந்துபோனது. குறித்த நாளுக்குச் சில நாட்களே இருந்தபோது நிகழ்ச்சி கைவிடப்பட்டது.

பாடிய பிறகு முத்திரையிட வேண்டியிருந்த இசை, பாடப்படாமலே பெட்டிக்குள் போனது. வெர்தி தம் ‘லிபெரா மே’யை 1873இல் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் போற்றிய எழுத்தாளர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி அந்த ஆண்டு மே 22இல் இறந்தபோது, அந்தப் பகுதியையே கருவாக வைத்து, இம்முறை வேறு யாரையும் கூட்டுச் சேர்க்காமல் முழுத் திருப்பலியையும் தாமே எழுதினார். 1874 மே 22இல் மிலானின் சான் மார்கோ ஆலயத்தில் அது முதலில் பாடப்பட்டது. மூன்றே நாளில் அந்நகரின் லா ஸ்காலா ஓபரா அரங்குக்கு இடம் மாறியது. பிறகு பாரிஸ், லண்டன், வியன்னா என்று வெர்தியே அதைக் கூட்டிச் சென்று நடத்தினார். சாவு வீட்டிலிருந்து கச்சேரி மேடைக்கு வந்த முதல் இத்தாலிய ரெக்வியம் அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நினைவு நாளின் பிடியிலிருந்து முழுமையாக விடுபட்டது அது ஒன்றுதான். அதன் நிழல் அவ்வளவு பெரியதாக இருந்ததால் மற்றவை கண்ணிலேயே படவில்லை. மற்ற பன்னிரண்டு பேரின் தாள்கள் ரிக்கோர்தி நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. 1970 வாக்கில் அமெரிக்க இசையறிஞர் டேவிட் ரோசன் அவற்றைக் கண்டறிந்தார். 1988இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் ஹெல்முட் ரில்லிங் நடத்த, ரொசீனிக்கான அந்தத் திருப்பலி நூற்றுப் பத்தொன்பது ஆண்டு தாமதமாக முதன்முறையாக முழுமையாக ஒலித்தது.

ஷ்டுட்கார்ட் என்ற பெயர் இந்தக் கதையில் தற்செயலாக இரண்டு முறை வருகிறது. நேப்பிள்ஸ் மரபில் வளர்ந்த நிக்கோலோ யொமெல்லி, வூர்ட்டம்பெர்க் பிரபுவின் தாயார் 1756இல் மறைந்தபோது அந்த ஊரில்தான் தம் ரெக்வியத்தை எழுதினார். அச்சுப் பிரதி எளிதில் கிடைக்காத அக்காலத்தில் அது கையெழுத்துப் படிகளாகவே பல ஊர்களுக்கும் பரவி, மொட்சார்ட்டின் ரெக்வியம் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வரை வழக்கில் இருந்தது. தொமெனிக்கோ சிமரோசா 1787இல் எழுதியது ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். அங்கிருந்த நேப்பிள்ஸ் தூதரின் மனைவி இறந்ததை ஒட்டி. ஃபுளோரன்ஸில் பிறந்த லுயீஜி கெருபீனி எழுதியது பாரிஸில். இத்தாலி அந்நாளில் இசையமைப்பாளர்களை ஏற்றுமதி செய்த நாடு. கூலி கொடுத்த அரண்மனை எங்கோ, சாவும் அங்கேயேதான். ஆகவே இத்தாலிய ரெக்வியங்களில் பெயர் பெற்ற சில இத்தாலிக்குள் பிறக்கவே இல்லை. அவற்றைத் தம்முடையவை என்று உரிமை கொண்டாடிப் பேண ஓர் ஊரும் இல்லாமல் போனது.

இதற்கு மாறாக, தம் இசை மறக்கப்படாமலிருக்கத் தாமே வழி செய்துகொண்ட ஒருவரும் இருந்தார். வெனிஸின் சான் மார்கோ பேராலயத்தில் இசைத் தலைவராக இருந்த பிரான்செஸ்கோ கவல்லி, எழுபது வயதைத் தாண்டிய நிலையில் எட்டுக் குரல்களுக்கான ஓர் இறந்தோர் திருப்பலியைத் தமக்காகவே எழுதி வைத்தார். ஆண்டுக்கு இரு முறை அது தம் நினைவாகப் பாடப்பட வேண்டும் என்று உயிலிலும் ஏற்பாடு செய்தார். 1676 ஜனவரியில் இறந்தார். தம் திவசத்துக்கான பாட்டைத் தாமே எழுதி, செலவுக்கும் பணம் ஒதுக்கிவிட்டுப் போன முன்யோசனைக்காரர். ஆனால் அறக்கட்டளைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். பணம் தீர்ந்தால் பாட்டும் நின்றுவிடும். காயெத்தானோ தொனிசெத்திக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. நண்பரும் போட்டியாளருமான வின்சென்சோ பெல்லீனி 1835 செப்டம்பரில் முப்பத்து மூன்று வயதில் இறந்ததும் தொனிசெத்தி எழுதிய ரெக்வியம், திட்டமிட்டபடி மிலானில் அரங்கேறவில்லை. ‘தூயவர்’ உள்ளிட்ட சில பகுதிகளே இல்லாத குறைவடிவில் அது அப்படியே கிடந்து, இசையமைத்தவரும் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின் 1870இல் அவருடைய சொந்த ஊரான பெர்கமோவில்தான் முதலில் பாடப்பட்டது.

கெருபீனியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இவற்றில் கச்சேரிக்கு உடனே எடுத்துக்கொள்ளத்தக்கது அவருடைய முதல் ரெக்வியம் என்பது என் கணிப்பு. பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயிக்காக, முடியாட்சி மீண்ட பின் அவருடைய தம்பி பதினெட்டாம் லூயியின் அரசு கேட்டு வாங்கிய இசை இது. 1816இல் எழுதப்பட்டு, மரண தண்டனை நிறைவேறிய ஜனவரி 21ஆம் தேதியன்றே 1817இல் சான் தெனி பேராலயத்தில் பாடப்பட்டது. இதில் தனிப்பாடகர்கள் கிடையாது. முதலிலிருந்து முடிவு வரை பாடகர் குழு மட்டும்தான். தொடக்கப் பகுதிகளில் வயலின்களும் வாய் திறப்பதில்லை. தாழ்ந்த நரம்பிசை மட்டும் இருளில் நடப்பதுபோல நகரும். ‘தியெஸ் இரே’ தொடங்கும் இடத்தில் பித்தளைக் குழல்கள் முழங்கியதும் பெரிய கண்டாமணித் தட்டில் ஒரே ஓர் அடி விழும். மொத்தப் படைப்பிலும் அந்த ஓர் அடிதான். அக்காலத்தில் இதைக் கொட்டகைத் தந்திரம் என்று குறை சொன்னவர்களும் உண்டு. பேத்தோவன் இந்த ரெக்வியத்தை வெகுவாக மதித்தார். 1827இல் அவருடைய நினைவுத் திருப்பலி ஒன்றில் இதுவே பாடப்பட்டது.

அதே இசையை 1834இல் இசையமைப்பாளர் புவால்தியேயின் இறுதிச் சடங்கில் பாட முற்பட்டபோது, ஆலயத்துக்குள் பெண் குரல்கள் கூடாதென்று பாரிஸ் பேராயர் தடுத்துவிட்டார். கெருபீனி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஆண் குரல்களுக்கு மட்டும் என்று இரண்டாவதாக ஒரு ரெக்வியம் எழுதி 1836இல் முடித்தார். 1842இல் அவரை அடக்கம் செய்தபோது பாடப்பட்டது அதுதான்.

இந்தத் தடையை நினைவில் வைத்தால்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது புரியும். 1903 நவம்பர் 22ஆம் தேதி, இசைக்கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆலய இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். பக்கவாத்தியமின்றி அனைவரும் ஒரே மெட்டில் பாடும் பழைய கிரகோரியன் பாடலே ஆலய இசையின் முதன்மை வடிவம். அதற்கு அடுத்தது, பல குரல் வரிகள் ஒரே வேளையில் பின்னிச் செல்லும் பதினாறாம் நூற்றாண்டின் பல்குரல் இசை. சென்ற நூற்றாண்டில் இத்தாலியில் மலிந்த அரங்கப் பாணி வழிபாட்டுக்குச் சற்றும் ஏற்றதன்று. பியானோவும் முரசு, தாளம் போன்ற ஓசைக் கருவிகளும் ஆலயத்துக்குள் வரக்கூடாது. பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை, உச்சக் குரல் வேண்டுமென்றால் சிறுவரை வைத்துக்கொள்ளலாம் என்பவை அதன் சாரம். பெருமுரசு அதிர, நான்கு ஓபரா பாடகர்கள் முன்னால் நிற்க நிகழும் வெர்தி பாணித் திருப்பலிக்கு ஆலயக் கதவு இதனோடு சாத்தப்பட்டது. சென்ற நூற்றாண்டின் ரெக்வியங்கள் வழிபாட்டில் இடமிழந்தன. கச்சேரி மேடையில் ஏற்கெனவே வெர்தி உட்கார்ந்திருந்தார்.

இந்த ஆணைக்குப் பின் எழுந்த இரண்டு படைப்புகளைச் சேர்ந்திசைக் கச்சேரிகளில் சில குழுக்கள் இணைத்துப் பாடுவதுண்டு. முதலாவது ஜாக்கோமோ பூச்சீனியுடையது. வெர்தி மறைந்த நான்காம் ஆண்டு நினைவு நாளான 1905 ஜனவரி 27க்காக ரிக்கோர்தி கேட்டுக்கொண்டு எழுதியது. வயது முதிர்ந்த இசைக்கலைஞர்களுக்காக வெர்தி மிலானில் கட்டிய ஓய்வு இல்லத்தில் அது பாடப்பட்டது. வெர்தியும் அவர் மனைவி ஜுசெப்பீனாவும் அடக்கமாகியிருப்பதும் அங்கேயேதான். மொத்தமே ஆறு நிமிடம் வருமா என்பது ஐயம். முழுத் திருப்பலிக்கும் அவர் இசையமைக்கவில்லை. தொடக்க மன்றாட்டின் இரு வரிகள் மட்டுமே. சொப்ரானோ (உச்சக்குரல்), டெனர் (ஆண்களின் உயர்குரல்), பாஸ் (ஆண்களின் தாழ்குரல்) என்று மூன்றே பிரிவுகள், ஓர் ஆர்கன் அல்லது ஹார்மோனியம், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா.

ஆல்ட்டோ பிரிவை அவர் எழுதவே இல்லை என்பதைத் தாளில் பார்க்கும்போதுதான் வியோலா எதற்கு என்பது பிடிபடும். பெண்களின் தாழ்குரல் இருந்திருக்க வேண்டிய இடைவெளியில், ஏறக்குறைய அதே எல்லைக்குள், சொற்களற்ற குரலாக அந்தக் கருவி நுழைகிறது. பாடகர்கள் ஒரே வரியை மெல்லிய குரலில், ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, வியோலா மட்டும் அரைச்சுரங்களில் வழுக்கி இறங்கித் துக்கத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. பூச்சீனியின் முன்னோர் நான்கு தலைமுறையாக லூக்கா நகரப் பேராலயத்தில் இசைப்பணி செய்தவர்கள். ஆலயத்தில் எவ்வளவு சொன்னால் போதும் என்பது பரம்பரையாகத் தெரிந்த குடும்பம். இதற்கு ஓராண்டு முன்புதான் லா ஸ்காலாவில் ‘மதாமா பட்டர்ஃபிளை’ ஓபரா கூச்சலுக்கிடையே தோற்று, திருத்தப்பட்டு பிரேஷாவில் வென்றிருந்தது. அந்த அமளிக்குப் பக்கத்தில் இவ்வளவு அடங்கிய ஓர் இசையை அதே கை எழுதியிருப்பதை நான் வியப்போடுதான் கேட்கிறேன்.

இரண்டாவது, இல்தெப்ராந்தோ பிட்செத்தியின் ரெக்வியம். பார்மா நகரில் 1880இல் பிறந்து, அங்கே இசைப்பள்ளியில் ஜொவான்னி தெபால்தீனியிடம் கிரகோரியன் பாடலையும் பழைய பல்குரல் இசையையும் ஆழ்ந்து கற்றவர் அவர். 1900இல் மோன்சாவில் சுட்டுக் கொல்லப்பட்ட முதலாம் உம்பெர்த்தோ மன்னர் ரோமின் பழங்காலக் கவிமாடக் கட்டடமான பாந்தியனில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் நினைவாக அதே இடத்தில் பாடுவதற்காக 1922 இறுதியில் பிட்செத்தி இதை எழுதத் தொடங்கினார். பக்கவாத்தியம் எதுவும் கிடையாது, ஆர்கன்கூட இல்லை. வெறும் குரல்கள் மட்டுமே ஏறத்தாழ அரைமணி நேரம் தாங்கி நிற்க வேண்டும். நாற்பத்து மூன்று மீட்டர் விட்டமுள்ள கவிமாடத்தின் கீழ் ஒவ்வோர் ஒலியும் அடங்க நெடுநேரம் எடுக்கும் என்பதை அறிந்து எழுதியதுபோல, சுர இணைவுகள் அவசரமில்லாமல் மாறுகின்றன.

இதன் மையம் ‘தியெஸ் இரே’. வெர்தி இந்த இடத்தில் முரசைப் பிளக்கிறார். பிட்செத்தி பழைய ஆலய மெட்டையே எடுத்துக்கொள்கிறார். நடுக்கால ஐரோப்பா பாடிய அந்த மெட்டை பாஸ் குரல்களும் ஆல்ட்டோ குரல்களும் ஒன்றுசேர்ந்து, உணர்ச்சி காட்டாமல், ஊர்வலத்தில் நடப்பதுபோல ஒரே நிதானத்தில் பாடிச் செல்கின்றன. மேலே சொப்ரானோக்களும் டெனர்களும் சொல்லே இல்லாமல் ‘ஓ’ என்று நீட்டி அழுகிறார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: கீழே சடங்கு தன்பாட்டுக்கு நடக்கிறது, மேலே அழுகை தன்பாட்டுக்குப் போகிறது, இரண்டும் ஒன்றையொன்று நிறுத்துவதில்லை. பக்கங்கள் செல்லச் செல்லக் குரல்கள் எட்டாகப் பிரிந்தும் கூடியும் செறிகின்றன. அதன் பின் வரும் ‘தூயவர்’ பகுதிக்குப் பெண்கள் குழு ஒன்று, ஆண்கள் குழு இரண்டு என மூன்று குழுக்கள், பன்னிரண்டு குரல் வரிகள். பழைய வெனிஸ் ஆலயங்களில் எதிரெதிர் மாடங்களில் குழுக்களை நிறுத்திப் பாடிய வழக்கத்தின் தொடர்ச்சி என்று இதைச் சொல்லலாம். செம்மறிப் பாடல் வெகு சுருக்கம். ‘லிபெரா மே’யோடு படைப்பு முடிகிறது.

இவ்வளவு நல்ல இசையை ஏன் அடிக்கடி பாடுவதில்லை என்ற கேள்விக்குக் கடைசியில் நடைமுறைக் காரணங்களும் வந்து நிற்கின்றன. பூச்சீனியின் ஆறு நிமிடத்தை நம்பி யாரும் நுழைவுச்சீட்டு விற்க முடியாது. ஒரு வியோலாக்காரரையும் ஆர்கன்காரரையும் அதற்கென்றே வரவழைக்கவும் வேண்டும். ரொசீனி திருப்பலிக்கு ஐந்து தனிப்பாடகர்களும் பெரிய வாத்தியக் குழுவும் தேவை. அதே செலவில் வெர்தியைப் போட்டால் அரங்கம் நிரம்பிவிடும் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குப் போடுவதைக் குறை சொல்ல முடியாது. பிட்செத்திக்குச் செலவு குறைவு, உழைப்பு அதிகம். அமெச்சூர் குழுக்களில் எங்கும் ஆண் குரல்களுக்குத்தான் பஞ்சம். ‘தூயவர்’ பகுதியிலோ டெனர்கள் நான்காகவும் பாஸ்கள் நான்காகவும் பிரிய வேண்டும். பிரிவுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் பதினாறு ஆண்கள் வந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் சுருதி. பக்கவாத்தியமின்றி அரைமணி நேரம் பாடும் குழு, எவ்வளவு பயின்றிருந்தாலும், தனக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கிவிடும். களைப்பும் தாழ்ந்த குரலில் நீண்டுகொண்டே போகும் பகுதிகளும் அதற்குத் துணை. பிட்செத்தியைத் தனியே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அது முடிந்த கையோடு ஆர்கன் ஒலித்தால், இறங்கிய கால் சுரமோ அரைச் சுரமோ அரங்கிலுள்ள அத்தனை பேர் காதிலும் குத்தும். ஆகவே இரண்டையும் ஒரே மாலையில் பாடும் நடத்துநர் பூச்சீனியை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. ஆர்கன்காரர் தம் பங்கை முடித்து மூடியைச் சாத்திய பிறகு, பிட்செத்தியின் குரல்கள் இறங்கினாலும் எங்கே இறங்கின என்று அளந்து பார்க்க அருகில் எதுவும் இருக்காது.